வெட்டிப்போட்ட அடிக்கட்டைகள்

1954 டிசம்பர் 25, சனி

மழை. நமுனுகுல மலை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை.

இன்று சொல்லாதது: “அது உங்கள் குசினிக் கழிவில் இருந்து முளைத்தது.” ஆறே சொல். ஆங்கிலத்தில் மனத்துக்குள் கோத்தும் வைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்குச் சாதகமாக நினைவு மாறிவிடும்.

கிறிஸ்மஸ் காலையில் துரை பங்களாவுக்குத் தட்டு கொண்டுபோவது தோட்டத்து வழக்கம். கங்காணிமார் மாலையும் வாழைக்குலையும். கிளாக்கர்மார் கேக். பள்ளிக்கூடத்தின் சார்பில் உதவி டீச்சராகிய நானும், பாட்டுப் பாடப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளும். அப்பா அந்தப் பங்களாவின் சமையல்காரர், பத்தொன்பது வருடமாக. ஒவ்வொரு வருடமும் நாலு ஆப்பிள் வாங்கி வைப்பார். இந்த வருடம் எனக்கும் சொல்லாமல், நான் டின்னில் வளர்த்த செலரியைப் பிடுங்கிக் கழுவி, சிவப்பு நாடா கட்டி, தட்டின் நடுவில் நிறுத்தியிருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சீந்தாத வெள்ளைக்காரக் கீரைத் தண்டு. சுற்றிவர, பருத்த வெங்காயத் தண்டு போன்ற லீக்ஸ், புதினா. அவர் மேலே வெள்ளைக் கோட்டு, தோய்த்து மடிப்புக் கலையாதது. முகத்தில் அவ்வளவு பெருமை.

துரைசாணி (இனி து.சா.) செலரியை எடுத்து முகர்ந்தார். திருப்பி அடியைப் பார்த்தார். துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இது என் பாத்தியில் இருந்தது. ஒக்டோபரில் இருந்து யாரோ வெட்டுகிறார்கள். விதை ஊரிலிருந்து எனக்குத் தபாலில் வந்தது, இந்த மாகாணத்தில் வேறு எவரிடமும் இல்லை.

அப்பா அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். “என்னம்மா சொல்றாங்க?”

நான் பேசவில்லை. பெரிய கிளாக்கர் (பெ.கி.) தமிழில் சொன்னார். அப்பாவின் சிரிப்பு போக நேரம் எடுத்தது. “வீட்டுல போட்டதுங்க தொர. பண்டாரவளையில வாங்குன வெத.” பண்டாரவளையில் எந்தக் கடை என்று து.சா. கேட்டார். அப்பா மறுபடி என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குசினிக் கழிவு, சமையலுக்கு நறுக்கி எறிவது முழுவதும் ரோஜாத் தோட்டத்துக் குழிக்குத்தான் போகவேண்டும், ஒரு துண்டும் வெளியே போகக்கூடாது என்பது மே மாதத்தில் இருந்து து.சா.வின் கட்டளை. அதை அப்பா மீறியது தெரிந்துவிடும். அதோடு, பெருநாள் தட்டில் குப்பையை வைத்துக் கொடுத்தார் என்றும் ஆகும். இரண்டு பக்கமும் பள்ளம்.

பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். கை காட்டியது நான்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 26, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. இடது காதில் குத்து.

அப்பாவின் கோட்டுகள் இரண்டையும் பங்களா ஆள் வந்து வாங்கிப் போனான். விசாரணை 3ஆம் திகதி, திங்கள், ஒபீசில். திருட்டு என்று தீர்ந்தால் பத்துச்சீட்டு. அந்த வேலைநீக்கக் கடதாசியில் திருட்டு என்ற சொல் இருந்தால் எந்தத் தோட்டமும் சேர்க்காது. அம்மா கொழுந்து எடுப்பதால் லயத்தில் எங்கள் காம்பரா அறை தப்பும். அப்பா இங்கே தங்க முடியாது.

எல்லாம் என்னால். போன ஜூனில், அப்பா மீன் சுற்றிக் கொண்டுவந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைத் தாளில் ஒரு பத்தி. தூக்கி எறியும் அடிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தால் மறுபடி துளிர்க்கும் என்று. பின்பாதி மீனோடு போய்விட்டது. மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன். அப்பாவிடம் கெஞ்சினேன், பங்களாவில் நறுக்கும்போது அடிகளை எனக்குக் கொண்டுவரச் சொல்லி. முதலில் மாட்டேன் என்றார். பிறகு கோட்டுப் பையில் வரத் தொடங்கின, சாக்லட் கொண்டுவருவது போல.

இன்று பின்பக்கம் இருப்பவை:
லீக்ஸ், பழைய தேயிலைப் பெட்டியில், 31.
வெங்காயத் தாள், மீன் டின்களில். எண்ணவில்லை.
கரட் தலை 6. கிழங்கு வைக்காது, இலைதான். பூத்தால் விதை.
உருளைக்கிழங்குத் தோல், கண்ணோடு சீவியது. முளைத்திருக்கிறது.
அன்னாசிக் கொண்டை 2. காய்க்க இரண்டு வருடமாம்.
கோவா (முட்டைக்கோஸ்) அடி 3. ஒன்று அழுகல்.
செலரி இருந்த டின், வெறும் மண்.

கேட்டவர்களுக்கெல்லாம் பண்டாரவளை விதை என்றுதான் அப்பா சொல்லிவந்தார். நேற்றும் அதையே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் எதற்காக அந்த ஒன்றை மட்டும் இப்படிக் கட்டிக் காத்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மாலையில் நான் ஒபீசுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். அப்பா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “நீ வாயத் தொறக்காத. நான் திருடல, அது எனக்குத் தெரியும். போதும்.”

அம்மா: “போதும்னா சோத்துக்கு?”

அப்பா விறகை உள்ளே தள்ளினார்.

டிசம்பர் 28, செவ்வாய்

சாரல். பள்ளி விடுமுறை. பதுளை நூல் நிலையத்துப் புத்தகம் இரண்டு வாரம் தவணை கடந்துவிட்டது. ஒரே பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். ஒருவன் சிறையில் இருந்து வீட்டுக்கு எழுதுகிறான். இந்த மாதிரிப் புத்தகங்கள் வாசித்து எனக்கு என்ன தைரியம் வந்தது?

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது காதில் விழுந்தது (அப்பு என்றால் பங்களாச் சமையல்காரர், அப்பாதான்): “அப்பு திருடுனா நல்லாத் திருடப்பிடாதா? போயும் போயும் மாட்டுக்குப் போடுற தழையா?” சிரிப்பு. பகை இல்லாத சிரிப்பு. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா என் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். “அழுவாத டீச்சரம்மா. தொர கிட்ட திருடாதவன் எவன் இருக்கான்.”

யோசனை: நிரூபித்துக் காட்டினால் என்ன. செலரி கிடைக்காது. லீக்ஸ் போதும். வெட்டிய அடி ஒரு நாளில் கட்டைவிரல் அகலம் எழும்பும், நான் அளந்திருக்கிறேன். நம்பத்தக்க ஒருவர் முன்னால் வெட்டி, அவரே அடையாளம் வைத்து, ஐந்து நாள் கழித்துத் துரை பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 29, புதன்

பெ.கி. வீடு. யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பு, ஆனால் நியாயம் பார்ப்பார். லீக்ஸ் மூன்று கொண்டுபோனேன். அவர் மேசையிலேயே அடியில் இருந்து இரண்டு விரல் விட்டு வெட்டினேன். வெட்டிய முகத்தில் அவர் தன் பேனா மையால் புள்ளி வைத்தார். நான் கொண்டுபோன சாசரில் தண்ணீர். அலுமாரிக்கு மேலே வைத்துப் பூட்டினார். அவருடைய மனைவி மீதித் தண்டை எடுத்துக்கொண்டார், சம்பல் போட.

கடைசியாகக் கேட்டார். “பிள்ளை, தகப்பனிட்டைக் கேட்டனீரோ?”

கேட்டேன் என்று சொன்னேன்.

“திருட்டு எண்டது ஒரு சொல். இது வேற மாதிரிக் கதை. நீர் லயத்துக்குள்ள இருக்கிற ஆள், யோசிச்சுச் செய்யும்.”

யோசித்தாயிற்று என்றேன். அவருக்கு லயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

1955 ஜனவரி 3, திங்கள்

காலையில் வெயில். பத்து நாளில் முதல் தடவை.

நடந்தது. துரை சாசரைப் பார்த்தார். மைப்புள்ளி வெளி வளையத்தில் அப்படியே இருக்க, நடுவில் இருந்து பச்சைக் குருத்து எழுந்து நிற்கிறது. மேசை லாச்சியில் இருந்து அடிமட்டம் எடுத்து அளந்தார். சிரித்தார். எங்கே படித்தாய் என்று கேட்டார். மீன் தாளில் என்றேன். இன்னும் சிரித்தார். என் ஆங்கிலம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அப்பா அடிகளைக் கொண்டுவந்தது என் வற்புறுத்தலால், பாத்தியை அவர் தொட்டதே இல்லை, எல்லாம் சொன்னேன். கதவருகில் கங்காணிமார் இருவர், தபால் பை கொண்டுவரும் ஆள். பெ.கி. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார், முறைப்படி.

அப்பா என் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு: திருடன் அல்ல. பத்துச்சீட்டு இல்லை. ஆனால் கழிவைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த கை இனித் தன் குசினியில் வேண்டாம் என்று து.சா. சொல்லிவிட்டார். ஆகவே முள்ளுக்குத்து. தேயிலை அடியில் இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறும் வேலை. நாளையில் இருந்து. அப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயது.

ஒபீசில் இருந்து தேயிலை ஸ்டோர் வளைவு வரை எனக்குச் சந்தோஷம். அதையும் எழுதிவைக்க வேண்டும். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். வளைவில் நின்று அப்பாவுக்காகக் காத்தேன். வந்தார். என்னைக் கடந்து போனார்.

ஜனவரி 5, புதன்

மூடுபனி.

மாரியாயி அக்கா வாசலில் நின்றாள், படி ஏறவில்லை. கையில் எங்கள் சுளகு, தீபாவளிக்கு இரவல் வாங்கியது. தரையில் வைத்தாள்.

“ஏன்டியம்மா, ஆறு மாசமா வெள்ளக்காரன் எச்சிலயா எங்க சட்டியில போட்ட?”

எச்சில் அல்ல என்றேன். சமைக்கும் முன்பே வெட்டிப்போடும் அடி, யார் வாயும் படாதது, அதுவும் மண்ணில் வைத்துப் புதிதாக வளர்ந்தது.

“மாடு வெட்டுற பலகையிலதான வெட்டுவாக?”

ஒரே பலகைதான். எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார்.

“புள்ளைக்குக் காச்சல்னு கேட்டு வாங்குனேனே. கந்த சஷ்டி வெரதத்துக்கு வெங்காயத்தாளு வேணாமுன்னு லீக்சு குடுத்தியே. படிச்சவதான நீ.”

கோபத்தைவிட அருவருப்புத்தான் அவள் முகத்தில் இருந்தது. போகும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பண்டாரவளை விதை. இதற்குத்தான். திருடன் என்று பெயர் வந்தபோதும் அப்பா அந்தப் பொய்யை விடாதது இதற்குத்தான். இருபத்திரண்டு காம்பராவும் என் கையால் வாங்கித் தின்றிருக்கிறது. நான் அதை நல்ல காரியம் என்று நினைத்துக் கொடுத்தேன். யாரிடமும் கேட்டுக் கொடுக்கவில்லை.

பீலியில் அம்மாவைக் கடைசியாக நிற்க வைக்கிறார்கள். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. இவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துவிடுகிறார்கள். அம்மா ஒரு மணி நேரம் ஈரத்தில் நிற்கிறாள். கொழுந்துக்குப் போகும்போது சேலை முழங்கால் வரை நனைந்திருக்கிறது.

அப்பாவுக்கு உள்ளங்கையில் நாலு கொப்புளம். மஞ்சள் பத்துப் போடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

ஜனவரி 9, ஞாயிறு

மழை. மை தீர்கிறது, தண்ணீர் கலந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ‘எச்சி டீச்சர்’ என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. நான் சொல்லிக்கொடுத்த எழுத்து. அழித்துவிட்டுக் கணக்கு நடத்தினேன்.

பெரட்டில், காலையில் பேர் கூப்பிடும்போது, அப்பாவின் பேருக்கு மட்டும் பின்னால் இருந்து யாரோ காறித் துப்பும் சத்தம் எழுப்புவதாக அம்மா சொன்னாள். கங்காணி சிரிக்காமல் இருக்கப் பார்க்கிறாராம்.

டின்களை எல்லாம் கவிழ்த்துவிடலாம் என்று போனேன். மழையில் நின்று பார்த்தேன். லீக்ஸ் என் முழங்கை உயரம். ஒன்றையும் பிடுங்க முடியவில்லை. செடியிடம் இரக்கம், மனிதரிடம் விளக்கம். எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

நூல் நிலையத்துப் புத்தகம் நனைந்துவிட்டது.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். மேகம், மழை இல்லை.

அம்மா வழக்கம் போலப் பெரிய பானை. வழக்கம் போல முதல் தட்டு மாரியாயி அக்காவுக்கு. கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே ஆள் நடமாட்டம், யாரும் வரவில்லை. அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாள். அடுத்த காம்பரா. அதற்கடுத்தது. ஆறு வாசலுக்குப் போய்த் தட்டோடு திரும்பினாள். எங்களுக்கும் ஒரு வீட்டுத் தட்டும் வரவில்லை. பானை நிறைய இருந்தது. மூன்று பேர்.

அம்மா அழவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டு மூன்று குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். எனக்கு முன் பிறந்து இறந்தவர்கள். மூன்று தடவையும் குழி வெட்டியது மாரியாயி அக்காவின் புருசன் என்று.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களைத் திருடன் என்று சொல்லப் பொறுக்கவில்லை என்றேன். பதினொரு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“திருடன்னு சொன்னா ஒரு மாசம் பேசுவாங்க. எச்சி பொறுக்குனவன்னா ஒம் பிள்ளைக்குப் பொண்ணு கேக்கப் போற எடத்துலயும் பேசுவாங்க. நீ புஸ்தகத்துல படிச்ச, நான் இங்கன பொறந்தேன்.”

பிறகு, எழுந்து போகும்போது: “செலரிய நான்தான தட்டுல வச்சேன். ஒன்னயச் சொல்லி என்ன.”

ஜனவரி 17, திங்கள்

அடைமழை.

பத்தரை மணிக்கு பெ.கி. குடையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

காலைப் பெரட்டில், எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிந்து துரை நிற்கும்போது, அப்பா முன்னால் வந்து சொல்லியிருக்கிறார். பெ.கி. அப்பாவின் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார், அந்த வாயில் லயத்துத் தமிழ் விநோதமாக இருந்தது: “நான்தாங்க தொர தோட்டத்துல புடுங்குனேன். செலரி, லீக்சு எல்லாம். ஆறு மாசமா. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, என்னயக் காப்பாத்தப் படிச்ச கதையச் சொல்லிருச்சு.”

துரை என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“தலையை நிமித்தேல்லை. எழுதச் சொன்னார். லீக்ஸ் வளந்ததை அவரே அளந்தவர் எண்டு நான் ஞாபகப்படுத்தினன். அது தனக்குத் தெரியுமாம். ஒரு மனுசன் தான் திருடன் எண்டு நிண்டால் தான் என்ன செய்யிறது எண்டார்.”

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“பத்துச்சீட்டு எழுதி முடிஞ்ச பிறகு உம்மட தகப்பன் ஒண்டு கேட்டவர். அதைத் தமிழில, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிக்கச் சொல்லி. வாசிச்சன்.”

திருட்டு. வாசித்துக் கேட்டு, கும்பிட்டு, வாங்கிக்கொண்டாராம்.

என்னைப் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலை இருக்கும் என்று பெ.கி. நினைக்கிறார். என் சாட்சியம் பொய் என்று கோப்பில் இருக்கும். சாசரையும் கொண்டுவந்திருந்தார். தன் வீட்டுச் சாசர் அல்ல, என்னுடையது என்றார்.

வீட்டில் அப்பா தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்காத மாதிரி இருந்தது.

“இனிமே ஒங்கம்மா பீலிக்குப் போவலாம்.”

மூன்று நாள் தவணை.

ஜனவரி 18, செவ்வாய்

தூறல். அம்மா பீலிக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். இரண்டு குடம். ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள்.

பெரட்டில் துப்பல் சத்தம் இல்லையாம். அப்பாவின் பேரும் இல்லை.

நான் எல்லோரிடமும் போய், இல்லை, அவர் திருடவில்லை என்று மறுபடி சொல்லலாம். ஒவ்வொரு வாசலாக. காலையில் இருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் உண்மை. சொன்னால் அம்மா மறுபடி கடைசிக் குடம்.

சொல்லப்போவதில்லை.

ஜனவரி 20, வியாழன்

மழை விட்டது. மலை தெரிகிறது.

அப்பா காலை ஏழரை பஸ்ஸில் போனார். பதுளை, அங்கிருந்து மொனராகலை. ஒரு பாயின் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம், பத்துச்சீட்டு கேட்கமாட்டாராம். தகரப் பெட்டி, இரண்டு வேட்டி, சொந்தக் கத்தி. அம்மா ரொட்டி கட்டிக்கொடுத்தாள். லயத்தில் இருந்து எட்டுப் பத்துப் பேர் ரோட்டு வரை வந்தார்கள். மாரியாயி அக்காவின் புருசன் பெட்டியைச் சுமந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் சேலையில் நின்றேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஜன்னல் பக்கம்.

ஐந்து மணிக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மாரியாயி அக்கா வந்தாள். படி ஏறி உள்ளே வந்து, சட்டியை நீட்டினாள்.

“தொர தோட்டத்துல புடுங்குனதுன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? என்னத்தையோ வாசிச்சுட்டு வந்து ஊரக் கலக்கிப்புட்ட. ரெண்டு லீக்சு இருந்தா குடு, கருவாட்டுல போடணும்.”

பின்பக்கம் போய் நாலு பிடுங்கினேன். அடியை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.